ரேடியோ காயிலுக்கு எந்த ஒயர்: பல இழையா, ஒற்றைக் கம்பியா?

"அண்ணே, ரேடியோ காயில் சுத்தணும், நல்ல ஒயரா குடுங்க" என்று எலக்ட்ரானிக்ஸ் கடையில் கேட்டால் பெரும்பாலும் கைக்கு வருவது 14/36 என்ற, பி.வி.சி. உறை போட்ட ஹூக்கப் ஒயர். எல்லா நிறத்திலும் கிடைக்கும், சொன்னபடி வளையும், பிளேடை ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தால் தோல் கழன்றுவிடும். பள்ளி நாளில் என் முதல் கிரிஸ்டல் செட்டுக்கு, அதாவது பேட்டரி இல்லாமல் பாடும் எளிய ரேடியோவுக்கு, நான் வாங்கியதும் அதுதான். கடையில் பக்கத்தில் நின்ற ரேடியோ மெக்கானிக் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "இதுக்கு லிட்ஸ் ஒயர் போடணும் தம்பி, நிறைய இழை இருக்கும்" என்றார். என் கையில் இருந்த ஒயரிலும் பதினான்கு இழை இருந்தது. அப்படியானால் என்ன வித்தியாசம் என்று அன்று கேட்டுக்கொள்ளாமல் வந்துவிட்டேன்.

இன்றும் காயில் சுற்றத் தொடங்குபவர்கள் என்னிடம் கேட்பது இதைத்தான்: எத்தனை இழை ஒயர் வாங்கலாம்? நான் திருப்பிக் கேட்பது: எந்த அதிர்வெண்ணுக்கு? அது தெரியாமல் இழை எண்ணிக்கையைப் பேசி ஒரு பயனும் இல்லை. ஒவ்வோர் இழையும் எவ்வளவு மெல்லியது, இழைக்கும் இழைக்கும் நடுவே எனாமல் (மின்சாரத்தைக் கடத்தாத மெல்லிய பூச்சு) இருக்கிறதா, இந்த இரண்டையும் பார்த்துவிட்டுத்தான் எண்ணிக்கைக்கு வர வேண்டும்.

ஒரு காயிலை எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டால் இது தெளிவாகும். 75 மி.மீ. விட்டமுள்ள குழாயில் அரை மி.மீ. தடிமன் எனாமல் கம்பியை நெருக்கமாக 52 சுற்றுச் சுற்றினால் இண்டக்டன்ஸ் ஏறத்தாழ 240 மைக்ரோஹென்றி வரும். அதோடு 120 பைக்கோஃபாரட் கெப்பாசிட்டர் சேர்ந்தால் 936 கிலோஹெர்ட்ஸ் அருகே போய் நிற்கும். மத்திய அலையில் (மீடியம் வேவ்) நான் கேட்டு வளர்ந்த திருச்சி வானொலியின் இடம் அது. இந்தக் காயிலுக்குப் பன்னிரண்டு மீட்டருக்குச் சற்று மேல் கம்பி செலவாகும். மல்டிமீட்டரை வைத்தால் 1 ஓம் காட்டும்.

ஆனால் 936 கிலோஹெர்ட்ஸில் அந்தக் கம்பி 1 ஓம் கம்பியாக நடந்துகொள்ளாது. அதிர்வெண் ஏற ஏற மின்னோட்டம் கம்பியின் நடுப்பகுதியைக் கைவிட்டு மேற்பரப்பை ஒட்டியே ஓடும். ஸ்கின் எஃபெக்ட் என்பது இதுதான். செம்பில் அந்த மேல்படலத்தின் ஆழம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸில் 9 மி.மீ.க்கு மேல் இருக்கிறது. 100 கிலோஹெர்ட்ஸில் அது 0.21 மி.மீ. ஆகச் சுருங்குகிறது. 1 மெகாஹெர்ட்ஸில் 0.066 மி.மீ. மட்டுமே. அரை மி.மீ. கம்பியின் நடுவில் உள்ள செம்புக்குக் காசு கொடுத்தோம், அது வேலை செய்யவில்லை. நம் காயிலின் 1 ஓம், இந்த ஒரு காரணத்தால் மட்டும் 2.2 ஓம் ஆகிவிடுகிறது.

அதற்கு மேல் இன்னொன்று உண்டு. அடுத்தடுத்த சுற்றுகள் ஒன்றின் காந்தப்புலத்தை இன்னொன்று வாங்கிக்கொள்வதால் மின்னோட்டம் கம்பியின் ஒரு பக்கமாக ஒதுங்குகிறது. ப்ராக்ஸிமிட்டி எஃபெக்ட் என்பார்கள். நெருக்கமாகச் சுற்றிய காயிலில் இது ஸ்கின் எஃபெக்டுக்குச் சமமாகவோ அதற்கு மேலாகவோ வரும். காயில்களின் உயர் அதிர்வெண் தடையை இப்படிக் கணக்குப் போட்டு 1926இல் எழுதி வைத்தவர் இங்கிலாந்தின் ஸ்டீபன் பட்டர்வொர்த். ஃபில்டர் வடிவமைப்பவர்கள் நாள்தோறும் சொல்லும் அதே பட்டர்வொர்த்தான்.

ஓரிரு ஓமுக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றும். 240 மைக்ரோஹென்றி காயிலின் ரியாக்டன்ஸ் (மாறும் மின்னோட்டத்துக்குக் காயில் காட்டும் எதிர்ப்பு) 936 கிலோஹெர்ட்ஸில் ஏறத்தாழ 1,400 ஓம். மொத்த இழப்பு 7 ஓம் என்றால், 1,400ஐ 7ஆல் வகுத்து வரும் கியூ மதிப்பு, அதாவது எவ்வளவு கூர்மையாக ட்யூன் ஆகும் என்பதன் அளவு, 200. அதை 3.5 ஓமாகக் குறைத்தால் கியூ 400. ஸ்டேஷன்களைப் பிரித்தெடுப்பதும், மெலிதாக வருவதைக் கேட்க வைப்பதும் இந்தச் சில ஓம்கள்தான். ஒயர்களை இந்தக் கண்ணோடு பார்ப்போம்.

முதலில் 14/36. பதினான்கு இழை, ஒவ்வொன்றும் 36 கேஜ் (கம்பித் தடிமனின் எண், எண் கூடினால் கம்பி மெல்லியது), அதாவது 0.193 மி.மீ. 7/36, 23/36 எல்லாம் இதே கணக்கு. இந்த இழைகள் ஒன்றையொன்று வெறும் உடம்போடு தொட்டுக்கொண்டிருக்கின்றன. மின்னோட்டத்தின் பார்வையில் அது சொரசொரப்பான ஒரே தடிக்கம்பி. உள்ளே பதினான்கு இழை இருந்தும் ஓட்டம் வெளிச்சுற்றிலேயே நடக்கிறது. இழைகள் முறுக்கியிருப்பதால் வெளியே இருக்கும் இழை சற்றுத் தூரத்தில் வேறு பக்கம் திரும்பிவிடும். மேற்பரப்பை விடாத மின்னோட்டம் இழைக்கு இழை தாவித்தான் போக வேண்டும். புது ஒயரில் தாவும் இடம் சுத்தமாக இருக்கும், நாளானால் களிம்பு படிந்துவிடும். அதனால் அதே தடிமன் ஒற்றைக் கம்பியைவிட இது சற்று மோசமே தவிர மேல் இல்லை. வீட்டு ஒயரிங்குக்கு வாங்கும் 1 சதுர மி.மீ. ஒயரும் இதே சாதிதான், 0.3 மி.மீ. இழை பதினான்கு.

மேலே இருக்கும் பி.வி.சி. உறைக்கும் பங்கு உண்டு. ரேடியோ அதிர்வெண்ணில் பி.வி.சி. சக்தியைத் தின்னும். பாலித்தீனும் டெஃப்லானும் அந்த விஷயத்தில் மிகச் சுத்தமானவை. இருந்தாலும் ஹூக்கப் ஒயருக்கு ஒரு நியாயம் சொல்லியாக வேண்டும். உறையின் தடிமனே சுற்றுகளைத் தள்ளி வைக்கிறது, அதனால் ப்ராக்ஸிமிட்டி இழப்பு கொஞ்சம் குறைகிறது. உள்ளூர் ஸ்டேஷன் பலமாக வரும் ஊரில் பிள்ளைகளுக்கு முதல் கிரிஸ்டல் செட் செய்து கொடுக்க இது போதும். நான் சுற்றியதும் பாடத்தான் செய்தது. ஒரு ஸ்டேஷனுக்கு மேல் பிரிக்கத்தான் வரவில்லை.

அடுத்தது எனாமல் ஒற்றைக் கம்பி. மோட்டார் வைண்டிங் கடையில் எடை போட்டுக் கொடுப்பார்கள், விலை மலிவு. இதைப் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றும் இல்லை. அரை மி.மீ. கம்பியைச் சுற்றுக்குச் சுற்று ஒரு கம்பி இடைவெளி விட்டுச் சுற்றினால் நெருக்கமாகச் சுற்றியதைவிட நன்றாக இருக்கும். இடைவெளிக்கு இரண்டு கம்பியைச் சேர்த்துச் சுற்றிவிட்டு ஒன்றை உருவி எடுத்துவிடலாம், அல்லது கூடவே ஒரு மீன்பிடி நரம்பு ஓட்டலாம்.

இனி லிட்ஸ். ஜெர்மன் மொழியில் பின்னலைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர். கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதன் சூட்சுமம் உடனே பிடிபடும். ஒவ்வோர் இழைக்கும் தனியாக எனாமல் பூசியிருக்கும், அதனால் மின்னோட்டம் இழை விட்டு இழை தாவ வழியில்லை. ஓர் இழையில் ஏறினால் கடைசி வரை அதே இழை. முறுக்கு சரியாக இருந்தால் ஒவ்வோர் இழையும் கொஞ்ச தூரம் உள்ளே, கொஞ்ச தூரம் வெளியே என்று எல்லா இடத்துக்கும் போய் வரும். எந்த இழையும் நிரந்தரமாக வெளியே இல்லாததால் எல்லா இழையும் சமமாகச் சுமக்கும்.

இங்கேதான் முறுக்கின் வகை முக்கியம். நூறு இழையை ஒன்றாகப் பிடித்து ஒரே முறுக்காக முறுக்கினால் நடுவில் இருக்கும் இழை கடைசி வரை நடுவிலேயே கிடக்கும். ஏழெட்டு இழை வரைக்கும் பரவாயில்லை, அதற்கு மேல் போனால் மொத்தக் கட்டே ஒரு தடிக்கம்பி போல நடக்கத் தொடங்கும். அதனால் நல்ல லிட்ஸில் புரி மேல் புரியாகத் திரிப்பார்கள். சில இழைகளைத் திரித்து ஒரு புரி, அப்படிச் சில புரிகளைத் திரித்து ஒரு பெரும்புரி, பிறகு அவற்றைச் சேர்த்து மறுபடியும். இங்கிலாந்தின் ரக்பியில் 1926இல் ஒலிபரப்பத் தொடங்கிய 16 கிலோஹெர்ட்ஸ் நிலையத்தின் ராட்சத ட்யூனிங் காயில் இப்போது லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மரச்சட்டத்தில் சிலந்தி வலை போலச் சுற்றிய அதன் கேபிளில் 6,561 இழைகள். விசித்திரமான எண்ணாகத் தெரியும். மூன்றை எட்டு முறை பெருக்கிப் பாருங்கள், அதே 6,561 வரும். முப்புரி, அதன் மேல் முப்புரி என்று எட்டு அடுக்கு. அதிலும் இழை 36 கேஜ்தான், நம் 14/36இல் இருக்கும் அதே தடிமன். 16 கிலோஹெர்ட்ஸில் மேல்படலத்தின் ஆழம் 0.52 மி.மீ., 36 கேஜ் இழை அதில் பாதிகூட இல்லை. அதனால் அங்கே அது சரி. மத்திய அலையில் அதே இழை மேல்படலத்தைப் போல மூன்று மடங்கு தடிமன்.

இழைத் தடிமனுக்கு லிட்ஸ் தயாரிப்பாளர்களின் வழிகாட்டி ஏறத்தாழ இப்படிப் போகும்: 50 முதல் 100 கிலோஹெர்ட்ஸுக்கு 0.1 மி.மீ., 100 முதல் 200க்கு 0.08, 350 முதல் 850க்கு 0.05, 850 முதல் 1,400 கிலோஹெர்ட்ஸ் வரை 0.04, அதற்கு மேல் 2.8 மெகாஹெர்ட்ஸ் வரை 0.032 மி.மீ. மத்திய அலை காயிலுக்கு 0.04 அல்லது 0.05 மி.மீ. இழை என்று மனதில் வைத்துக்கொள்ளலாம். கிரிஸ்டல் செட்டில் தூரத்து ஸ்டேஷன் தேடுபவர்கள் ஆசையோடு சொல்லும் 660/46 என்பது இதுதான், 46 கேஜ் இழை 660. மொத்தச் செம்பு 1 மி.மீ. ஒற்றைக் கம்பிக்குச் சமம். அந்த 1 மி.மீ. கம்பி 1 மெகாஹெர்ட்ஸில் ஸ்கின் எஃபெக்டால் மட்டுமே நான்கு மடங்கு தடை காட்டும். 660/46இல் அந்த ஏற்றம் பெருமளவு மறைந்துவிடுகிறது. 165/46 அதில் கால் பங்கு, நம் அரை மி.மீ. கம்பிக்குச் சமமான செம்பு. 660 வாங்கக் கை கூசினால் 165ஐத் தயங்காமல் வாங்கலாம் என்பது என் கருத்து.

வாங்கும்போது ஒரு குழி இருக்கிறது. இந்த 46, அமெரிக்க ஏ.டபிள்யூ.ஜி. கேஜ். அதில் 46 என்றால் 0.04 மி.மீ. நம் ஊர் வைண்டிங் கடைகளில் புழங்குவது பிரிட்டிஷ் எஸ்.டபிள்யூ.ஜி. அதில் 46 என்றால் 0.061 மி.மீ. அமெரிக்கக் கணக்கின் 46க்கு நம் கணக்கில் 48 கேஜ்தான் ஜோடி. கேஜ் எண்ணைச் சொல்லி ஆர்டர் கொடுத்துவிட்டு ஏமாறாதீர்கள், மில்லிமீட்டரில் கேளுங்கள்.

இதைவிடப் பெரிய ஏமாற்றம் இன்னொன்று. பழுதான இண்டக்‌ஷன் அடுப்பைப் பிரித்தால் உள்ளே தட்டையாகச் சுற்றிய தடித்த முறுக்கு ஒயர் இருக்கும். எனாமல் இழை, நன்றாகத் திரித்தது, சந்தேகமில்லாமல் லிட்ஸ். இலவசமாகக் கிடைத்ததே என்று அதை எடுத்து மத்திய அலை லூப் ஆன்டெனா சுற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். அடுப்பு ஓடுவது 20 முதல் 40 கிலோஹெர்ட்ஸுக்குள். 25 கிலோஹெர்ட்ஸில் மேல்படலம் 0.42 மி.மீ., அங்கே 0.3 மி.மீ. இழை பொருத்தமே. 1 மெகாஹெர்ட்ஸுக்குக் கொண்டுவந்தால் ஒவ்வோர் இழையும் மேல்படலத்தைப் போல நாலரை மடங்கு தடிமன். அப்படிப்பட்ட இழைகளை நெருக்கி வைத்துக் கட்டினால் ஒவ்வொன்றும் மற்றதன் புலத்தில் சூடாகிக்கொண்டு கிடக்கும். சாதாரண ஒற்றைக் கம்பியே அதைவிட மேல். லிட்ஸ் என்ற பெயர் மட்டும் எதையும் தராது. இழை மேல்படலத்தைவிட மெல்லியதாக இருக்கும் வரைக்கும், செம்பின் மொத்த அளவை மாற்றாமல் இழைத் தடிமனைப் பாதியாக்கினால், இப்படிப் புலத்தால் இழைக்குள் கிளம்பும் சுழல் மின்னோட்டத்தின் இழப்பு கால் பங்காகும். அந்த லாபத்துக்குத்தான் லிட்ஸுக்கு விலை.

அதே அடுப்புக் காயில்களில் இன்னொரு விஷயமும் தென்படும். சிலவற்றில் இழை முழுச் செம்பு இல்லை, அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு. தடித்த ஒற்றைக் கம்பியாக இருந்தால் மின்னோட்டம் மேலே உள்ள செம்பிலேயே ஓடிவிடும், பாதகமில்லை. மெல்லிய லிட்ஸ் இழையில் மின்னோட்டம் இழை முழுவதும் பரவுவதுதான் நோக்கமே, அப்போது உள்ளே இருக்கும் அலுமினியத்தின் கூடுதல் தடை முழுசாக உங்கள் தலையில் விழும். ஓர் இழையைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் வைத்துவிடுங்கள்.

சிற்றலைக்குப் போனால் கதை மாறுகிறது. 7 மெகாஹெர்ட்ஸில் மேல்படலம் 0.025 மி.மீ. அதைவிட மெல்லிய இழை செய்து, எனாமல் பூசி, நூற்றுக்கணக்கில் திரித்தாலும் கட்டில் பாதி எனாமலாகவே இருக்கும். இழைகளுக்கு நடுவே உள்ள கெப்பாசிட்டன்ஸ் வழியாக மின்னோட்டம் தாவத் தொடங்கிவிடும். 2, 3 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் நான் லிட்ஸைத் தொடுவதில்லை. அங்கே மேற்பரப்பு அகலமாகவும் வழவழப்பாகவும் இருப்பதே பெரிது. தடித்த ஒற்றைக் கம்பி, இடைவெளி விட்ட சுற்று, அதற்கு மேல் செம்புக் குழாய்.

எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டால், அமெச்சூர் ரேடியோக்காரர்கள் மாடியில் நிறுத்தும் ஒற்றைச் சுற்று லூப் ஆன்டெனாவைப் பாருங்கள். 1 மீட்டர் விட்ட வளையத்துக்கு 7 மெகாஹெர்ட்ஸில் கதிர்வீச்சுத் தடை (வானத்துக்குப் போகும் சக்தியைத் தடையாகச் சொல்லும் கணக்கு) 6 மில்லிஓம்கூட இல்லை. வளையம் 22 மி.மீ. செம்புக் குழாயாக இருந்தால் செம்பின் இழப்பு ஏறத்தாழ 31 மில்லிஓம், கொடுக்கும் சக்தியில் ஏழில் ஒரு பங்கு வானத்துக்குப் போகும். அதே வளையத்தை 2.5 சதுர மி.மீ. வீட்டு ஒயரில் கட்டினால் இழப்பு 340 மில்லிஓமைத் தாண்டும், வானத்துக்குப் போவது அறுபதில் ஒரு பங்கு. மீதி ஒயரைச் சூடாக்கும். கோஆக்ஸ் கேபிளின் (டி.வி.க்கு வரும் கேபிள் போன்றது) பின்னலைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்பார்கள். பார்வைக்குக் குழாய் போலத் தெரிந்தாலும் பின்னலில் இழைகள் அடிக்கடி உள்ளே புகுந்து வெளியே வருகின்றன, மின்னோட்டம் தொடுப்புக்குத் தொடுப்பு தாவ வேண்டியிருக்கிறது. மழையும் வெயிலும் படும் மாடியில் அந்தத் தொடுப்புகள் ஒரு பருவமழையைத் தாண்டினால் பச்சை பூத்துவிடும்.

வெள்ளிப் பூச்சு பற்றி ஒரே வரி: செம்பைவிட வெள்ளியின் கடத்தல் 6 சதவீதம்தான் கூடுதல், ரேடியோ அதிர்வெண் தடையில் அது 3 சதவீத லாபமாகத்தான் வரும், அந்தப் பணத்துக்கு ஓர் அளவு கூடுதல் தடித்த கம்பி வாங்குவேன். ஈயம் பூசினது போல வெண்மையாக வரும் ஒயரில் இருப்பது வெள்ளீயம். அந்த மெல்லிய பூச்சு மத்திய அலையில் பெரிய தொந்தரவு இல்லை, 100 மெகாஹெர்ட்ஸ் பக்கம் போனால் தவிர்த்துவிடுங்கள்.

கியூவை ஏற்றிக்கொண்டே போவதும் எல்லா வேலைக்கும் நல்லதல்ல. 720 கிலோஹெர்ட்ஸில் மின்சுற்றின் மொத்தக் கியூ 400 என்றால் அலைவரிசை அகலம் 1.8 கிலோஹெர்ட்ஸ். பேச்சு கம்பளிக்குள்ளிருந்து வருவது போல அமுங்கும், பாட்டில் தாளத்தின் கூர்மையே போய்விடும். உள்ளூர் ஸ்டேஷனை நல்ல ஒலியோடு கேட்கத்தான் ஆசை என்றால் ஒற்றைக் கம்பியே உங்கள் ஒயர். ஆன்டெனாவும் டயோடும் சேர்ந்து எப்படியும் கியூவைக் கீழே இழுக்கும், அந்தப் பாரத்துக்குக் கீழே காயிலின் லாபம் காணாமல் போகவும் கூடும். லிட்ஸ் பேசுவது பாரம் குறைவாக வைத்த செட்டிலும் ஃபெரைட் ராடிலும் (ரேடியோவுக்குள் ஆன்டெனாவாக இருக்கும் கறுப்புக் காந்தப்பொருள் தண்டு) தான். பழைய டிரான்சிஸ்டர் ரேடியோக்களின் ஃபெரைட் ராடில் பட்டு நூலோ பருத்தி நூலோ சுற்றிய மெல்லிய லிட்ஸ் இருப்பதற்குக் காரணம் அதுவே. கடற்கரை ஊர்களில் அந்த நூல் ஈரத்தைக் குடித்துக் காயிலைக் கெடுக்கும், அதனால்தான் மெழுகில் தோய்த்து வைத்தார்கள். பிரிக்க நேர்ந்தால் அந்த மெழுகைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள்.

லிட்ஸ் வாங்கியவர்கள் பலர் தோற்பது சால்டரிங்கில். ஒன்பது இழையில் நான்கைச் சால்டர் பிடிக்காமல் விட்டால், விலை கொடுத்து வாங்கிய ஒயரில் ஐந்து இழைதான் வேலை செய்கிறது. பிளேடால் சுரண்டுவதை மறந்துவிடுங்கள், 0.04 மி.மீ. இழை பிளேடு பட்டதும் அறுந்துவிடும். பாலியூரித்தேன் எனாமல் பூசிய இழையாகக் கேட்டு வாங்கினால் சுரண்டவே வேண்டாம். அயர்ன் நுனியில் ஒரு பெரிய சொட்டு ஈயத்தை உருக்கி நிறுத்தி, 380 டிகிரி பக்கம் சூடு வைத்து, ஒயரின் நுனியை அந்தச் சொட்டுக்குள் மெதுவாக நுழைக்க வேண்டும். ஓரிரு விநாடியில் எனாமல் கருகிப் புகையாகும், ஈயம் இழைகளுக்குள் ஏறுவது கண்ணுக்குத் தெரியும், செம்பு நிறம் அடியிலிருந்து மேலே வெள்ளையாக மாறிக்கொண்டு வரும். அந்தப் புகை நுரையீரலுக்கு ஆகாது, ஜன்னலோரமாக உட்காருங்கள். மோட்டார் வைண்டிங்குக்கு வரும் சூடு தாங்கும் எனாமல் இப்படிக் கருகாது.

பிடித்ததா என்று பார்க்கும் வழி ஒன்றுதான். ஒரு முனையைச் சால்டர் செய்துவிட்டு மறுமுனையில் இழைகளைப் பிரித்து, ஒவ்வொன்றின் நுனியிலும் ஈயம் ஏற்றி, மல்டிமீட்டரின் பீப் ஒலியில் எண்ணுவது. 660 இழையில் இது நடக்காது, அங்கே மில்லிஓம் மீட்டரில் மொத்தத் தடையை அளந்து கணக்கோடு ஒப்பிடலாம்.

கையாலேயே லிட்ஸ் திரிக்கவும் முடியும், வாங்கக் கிடைக்காத ஊரில் நான் அதைத்தான் செய்கிறேன். 46 கேஜ் எஸ்.டபிள்யூ.ஜி. எனாமல் கம்பியை ஏழு இழையாகக் கதவுக் கொண்டிக்கும் கை டிரில்லுக்கும் நடுவே இழுத்துக் கட்டி, செ.மீ.க்கு ஒரு முறுக்கு வரும்படி மெதுவாகச் சுற்றுவேன். அப்படி மூன்று புரி. பிறகு மூன்றையும் சேர்த்து எதிர்ப்பக்கமாக ஒரு முறுக்கு, கயிறு போல ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும், தளராது. 21 இழை, ஒவ்வொன்றும் 0.061 மி.மீ. மத்திய அலையின் மேல் முனைக்கு இது சற்றுத் தடிமன்தான், கீழ் முனையில் நன்றாக இருக்கும். போன வாரம் திரித்ததில் முதல் எண்ணிக்கையில் பீப் ஒலி பத்தொன்பதுதான் வந்தது. நுனியை அரை செ.மீ. வெட்டிவிட்டு மறுபடி ஈயத்தில் தோய்த்தேன். இருபத்தொன்று வந்தது.